கூட்டத்துக்குப் போனால் எங்கே உட்காருகிறோம், ஏன்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிருஷி பவனில், அதாவது அரசு வேளாண் அலுவலகத்தில், தென்னை விவசாயிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தென்னையில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது பற்றி. காலை பத்து மணிக்குத் தொடக்கம், அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் வருகிறவர் வாசலிலேயே ஒரு நொடி நின்று, ஹாலைக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் சுவரோரமாக, ஃபேனுக்குக் கீழே போய் உட்காருகிறார். இரண்டாவது ஆள் அதே வரிசையின் மறுகோடிக்குப் போகிறார். மூன்றாமவர் முதலாமவருக்குத் தெரிந்தவர். பக்கத்தில்தான் உட்காருகிறார், ஆனால் நடுவே ஒரு நாற்காலி விட்டு. அந்த நாற்காலியில் துணிப்பை ஏறிவிடுகிறது. பத்தேகாலுக்குள் பின்பாதி நிரம்பிவிடும். முன்னால் இரண்டு வரிசை காலியாகவே கிடக்கும். "முன்னாடி வாங்க, இடம் இருக்கு" என்று மைக்கில் கூப்பிட்டால் நாலைந்து பேர் எழுந்து, ஒரே ஒரு வரிசை முன்னேறி, மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள்.

யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்வதில்லை. ஆனாலும் பக்கத்துச் சித்தூர் கல்லூரி வகுப்பிலும், அரசு வேலைத் தேர்வுக்குத் தயார்செய்யும் பாலக்காட்டு பிஎஸ்சி கோச்சிங் சென்டரிலும், கோயம்புத்தூரில் நடக்கும் கருத்தரங்கிலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இடம் நிரம்புகிறது. இடத்துக்கும் மனித நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறைக்குச் சூழல் உளவியல் என்று பெயர். அந்தத் துறைக்காரர்கள் வகுப்பறை நாற்காலிகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். அதில் உறுதிப்பட்ட விஷயங்களை உளவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்வதே இங்கே என் வேலை. வகுப்பெடுக்கிறவர்களும் கூட்டம் நடத்துகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கடைசி பெஞ்சைப் பார்த்ததுமே "இவன் படிக்க மாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் ஊரில் அத்தனை சுலபமாக நடக்கிறது. ஒருவர் பிடிக்கும் இடத்தை வைத்து அவருடைய அக்கறையை அளக்க முடியாது. அந்த அறையில் அவருக்கு என்ன தேவை, எதற்குத் தயங்குகிறார் என்பதைத்தான் அந்த இடம் சொல்லும். உட்கார்ந்த பிறகு அந்த இடமும் அவர்மேல் தன் வேலையைக் காட்டத் தொடங்கும்.

எவ்வளவு நெருக்கம்?

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளியை நான்காகப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வரை மிக நெருங்கியவர்களுக்கு. அங்கிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு. 3.6 மீட்டர் வரை அலுவல் பேச்சுக்கு. அதற்கும் அப்பால் மேடைப் பேச்சுக்கு. இந்த அளவுகள் அவர் கவனித்த அமெரிக்கர்களுக்கு உரியவை, ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

நம் பள்ளிக்கூட பெஞ்சுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாலு பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். எட்வர்ட் ஹாலின் கணக்குப்படி எல்லோரும் நெருங்கிய வட்டத்துக்குள். பிள்ளைகளுக்கு அது தொந்தரவாக இருப்பதில்லை, தினமும் பார்க்கும் முகங்கள்தானே. அதே பிள்ளைகள் வளர்ந்து, முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் கருத்தரங்குக்குப் போனால் ஒரு நாற்காலி விட்டுத்தான் உட்காருகிறார்கள். மாறியது, பக்கத்தில் இருப்பவரைத் தெரியுமா என்பதுதான். அறுபது நாற்காலிக்கு முப்பது பேர் வந்தாலே ஹால் நிரம்பினது போலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். அடுத்து வருகிறவர் கண்ணுக்குக் காலி நாற்காலி தெரியாது, இரண்டு அந்நியர்களுக்கு நடுவே நுழைய வேண்டிய சங்கடம்தான் தெரியும்.

ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் 1960களில் நூலக மேசைகளில் மாணவர்கள் எப்படி இடம் பிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. யாருடைய தொந்தரவும் இல்லாமல் ஒதுங்கி இருக்க விரும்புகிறவர் மேசையின் ஓரத்து நாற்காலியைப் பிடிக்கிறார். மற்றவர்கள் அந்த மேசைக்கே வரக்கூடாது என்று நினைக்கிறவர் நடு நாற்காலியைப் பிடிக்கிறார். ஒதுங்குவதற்கு ஓரம், விரட்டுவதற்கு நடு. இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் உட்கார்ந்த இடமே பேசிவிடுகிறது. கிருஷி பவனில் நடு நாற்காலியில் ஏறிய துணிப்பையும் இந்தப் பேச்சில் சேர்ந்ததுதான்.

யார் கண்ணில் படுவோம்?

இடம் பிடிப்பதில் மிகக் கனமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பதில் யாரிடமிருந்து வருகிறது? ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து, பேச்சு எங்கெங்கே நடக்கிறது என்று பார்த்து 1970இல் எழுதினார்கள். முன்வரிசையிலும், அங்கிருந்து நேராகப் பின்னால் போகும் நடுப்பகுதியிலும்தான் பெரும்பாலான கேள்வி பதில் நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. இதைச் செயல்மண்டலம் என்று சொல்லலாம். ஆசிரியர் நின்று நேராகப் பார்த்தால் கண் தானாகப் போய் விழும் பகுதி அது. பக்கவாட்டுச் சுவரோரமும் பின்கோடிகளும் இதற்கு வெளியே. அங்கே இருக்கும் பிள்ளையைப் பார்க்க ஆசிரியர் தலையைத் திருப்ப வேண்டும். பாடத்தின் நடுவில், கையில் சாக்பீஸோடு, அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருப்பவர் அடிக்கடி அப்படித் திரும்புவதில்லை.

மாணவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். கேள்வி தன்மேல் விழ வேண்டும் என்று நினைக்கிறவர் நடுவில் முன்னால் உட்காருகிறார். விழக்கூடாது என்று நினைக்கிறவர் கோடிக்குப் போகிறார். நன்றாகக் கவனியுங்கள்: பின்னால் போகிறவருக்குப் பாடத்தில் விருப்பம் இல்லை என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. எல்லோர் முன்னாலும் தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்று பயப்படும் பிள்ளை, பாடத்தின்மேல் அக்கறை இருப்பதால்தான் பயப்படுகிறது.

பின்வரிசையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இங்கிலாந்துப் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல், மனிதர்கள் தாங்கள் எல்லாவற்றையும் பார்க்க முடிந்து, தங்களை யாரும் சுலபமாகப் பார்க்க முடியாத இடங்களை விரும்புகிறார்கள் என்று எழுதினார். அவர் பேசியது நிலக்காட்சிகளைப் பற்றி. ஆனால் ஹாலின் பின்சுவரை ஒட்டிய நாற்காலிக்கு அது அப்படியே பொருந்தும். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லோருடைய பின்தலையும் தெரியும். யார் வந்தார்கள், யார் போனார்கள், எது நடக்கிறது என்று எல்லாம் கண்ணுக்குள். புதிய ஊரில், புதிய கூட்டத்தில் மனசு கொஞ்சம் நிலைப்பட அப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது.

வெளியேறும் வழியும் சேர்ந்துதான் கணக்கு. வேலந்தாவளம் போகும் பஸ் பன்னிரண்டு மணிக்கு என்றால், அதில் போக வேண்டியவர் நடு வரிசையில் நடு நாற்காலியில் உட்கார மாட்டார். ஆறு பேர் முழங்காலைத் தாண்டிக்கொண்டு பேச்சின் நடுவே எழுந்து போவது பேச்சாளருக்கு அவமரியாதை என்று அவருக்குத் தோன்றும். அதனால்தான் வழியோரம். பால் சொசைட்டிக்குப் போக வேண்டியவர், வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர், நீரிழிவால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருப்பவர் என்று வாசலோரம் உட்காருகிறவர்களின் காரணங்கள் எதிலும் அலட்சியம் கிடையாது. பள்ளியில் வளர்ந்த பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் கடைசி பெஞ்சுக்கோ வாசலோர பெஞ்சுக்கோ மாறிக்கொள்வதுண்டு. எழுந்து போகும்போது முதுகுப்புறம் யாரும் பார்க்கக்கூடாது என்ற கவலை. "ஏன் இடம் மாறினாய்?" என்று வகுப்பு முழுவதும் கேட்க விசாரிக்கும் ஆசிரியர் அந்தக் கவலையைப் பெரிதாக்கிவிடுகிறார்.

காற்று, வெயில், சத்தம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் விட்டுவிட முடியாது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களில் ஜூன், ஜூலையில் அடிக்கும் காற்றுக்கு மேற்குப் பக்க ஜன்னல் கதவு படீர் படீரென்று அடித்துக்கொள்ளும், நோட்டுத்தாள் பறக்கும். அந்த மாதங்களில் அந்த ஜன்னலோர இடத்துக்குப் போட்டி இருக்காது. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஃபேனுக்குக் கீழே உள்ள நாற்காலிதான் முதலில் போகும், அது எந்த வரிசையில் இருந்தாலும். கரும்பலகையில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் கோணம், ஸ்பீக்கர் பெட்டி காதைப் பிளக்கும் மூலை, செல்போன் சார்ஜர் செருகும் இடம் எல்லாமே இதில் அடங்கும். உளவியல் காரணம் தேடுவதற்கு முன்னால் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

கண்பார்வை விஷயம் மட்டும் தனி. கிட்டப்பார்வை உள்ள பிள்ளை முன்னால் உட்காரும் என்று நினைப்போம். பல நேரம் அப்படி நடப்பதில்லை. தனக்குப் பார்வை குறைவு என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, எல்லோருக்கும் போர்டு இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, நான்காவது பெஞ்சில் ஒரு பிள்ளை எழுதுவதை உற்றுப் பாருங்கள். மற்றவர்கள் தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்து, குனிந்து எழுதுவார்கள். இந்தப் பிள்ளையின் தலை நிமிர்வதே இல்லை. பக்கவாட்டில் மட்டும் நகரும், அடுத்த பிள்ளையின் நோட்டைப் பார்த்து ஒரு வரி, மறுபடி தன் நோட்டு. பார்க்கிறவருக்கு அது காப்பியடிப்பதாகத் தெரியும். கண் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டிய பிள்ளை அது.

எல்லையில் இன்னொரு கேள்வி: பேச்சு புரியுமா?

வெளிநாட்டு ஆய்வுகளைப் படிக்கும்போது நம் எல்லைப்பக்கத்து அனுபவம் ஒன்று அவற்றில் அகப்படுவதில்லை என்று எனக்குத் தோன்றும். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற பஞ்சாயத்துகளில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. கூட்டத்தில் அதிகாரி பேசுவது மலையாளம். திரையில் ஓடும் எழுத்தும் மலையாளம். கேட்டால் புரியும், ஆனால் வாசிக்கத் தெரியாது என்று சொல்கிற பெரியவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. அப்படி ஒரு கூட்டத்தில் வாசலில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"ஏனுங்க மாமா, முன்னாடி ரெண்டு சீட்டு காலியா இருக்குதுங்களே?"

"வேண்டாங் கண்ணு. ஆபீசரு திடீர்னு மலையாளத்துல என்னமாச்சும் கேட்டுப்போட்டா என்னன்னு சொல்றது? நீ எம் பக்கத்துலயே உக்காரு. புரியாததைக் கேட்டுக்கறேன்."

அந்தப் பெரியவருக்கு வேண்டியது இரண்டு. கேள்வி தன்மேல் விழாத தூரம் ஒன்று. காதோடு சொல்லித்தர பக்கத்தில் ஓர் ஆள் இன்னொன்று. பின்வரிசையில் சலசலவென்று பேச்சு கேட்கிறது என்று மேடையில் இருப்பவர் முகம் சுளிப்பார். அந்தச் சலசலப்பில் பாதி மொழிபெயர்ப்பு. தன் தோட்டத்துத் தென்னையைக் காப்பாற்றத்தான் அவர் அத்தனை தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளியிலும் இதே கதைதான். தமிழ் மீடியத்தில் எஸ்எஸ்எல்சி முடித்த பிள்ளைகள் பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள். முதல் நாள் வகுப்பில் அவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக, அடுத்தடுத்த பெஞ்சுகளில் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இப்படி ஒத்தவர்கள் ஒன்றாக உட்காருவதை டொனால்ட் காம்ப்பெல் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1966இல் ஓர் அளவுகோலாகவே பயன்படுத்தினார்கள். அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளில் கறுப்பின, வெள்ளை மாணவர்கள் எந்த அளவுக்குக் கலந்து உட்காருகிறார்கள், எந்த அளவுக்குத் தனித்தனிக் கூட்டமாக உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அங்கே நிலவும் மனப்போக்கை அதிலிருந்து கணித்தார்கள். கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டால் மழுப்பலான பதில் வரும், நாற்காலியில் அப்படி மழுப்ப முடியாது.

நம் பிளஸ் ஒன் வகுப்புக்கு அதை நேரடியாகப் பொருத்தி, இங்கே வெறுப்பு இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. புதிய இடத்தில் தன் மொழி பேசுகிறவர் பக்கத்தில் இருந்தால் தெம்பு. ஆனால் ஓணம் விடுமுறை கழிந்து வந்தும் அதே பிரிவு அப்படியே இருந்தால், வகுப்பு ஆசிரியர் தலையிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இடம் மனிதரை மாற்றுமா?

முன்வரிசைப் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பது எல்லோரும் கண்ணால் பார்ப்பது. அதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். நன்றாகப் படிக்கிறவர்கள் முன்வரிசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஒன்று. முன்வரிசையில் உட்கார்ந்ததால் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது இன்னொன்று. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க ஒரே வழி, மாணவர்கள் தேர்ந்தெடுக்காதபடி செய்வது. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல யாருக்கு எந்த இடம் என்பதைத் தற்செயலாக ஒதுக்கிவிட்டு, பிறகு மதிப்பெண்ணைப் பார்த்தால், அப்போது தெரியும் வித்தியாசம் இடத்தால் வந்தது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பெர்க்கின்ஸ், கார்ல் வீமன் இருவரும் அதைச் செய்து 2005இல் வெளியிட்டார்கள். வீமன் 2001இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். பிறகு இயற்பியலை எப்படிக் கற்பிப்பது என்பதிலேயே பெரும் உழைப்பைச் செலவழித்தவர். ஒரு பெரிய இயற்பியல் வகுப்பில் செமஸ்டர் தொடக்கத்தில் இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பாதியில் முன்னால் இருந்தவர்களைப் பின்னாலும், பின்னால் இருந்தவர்களை முன்னாலும் மாற்றினார்கள். முதல் பாதியைப் பின்வரிசையில் கழித்தவர்கள் அந்தப் பாடத்தில் தோல்வியடையும் வாய்ப்பு, முன்வரிசையில் தொடங்கியவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இத்தனைக்கும் பின்வரிசைக்காரர்களைப் பாடத்துக்குள் இழுக்க ஆசிரியர்கள் தனி முயற்சியே எடுத்திருந்தார்கள். செமஸ்டரின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்ட விலகல் இடம் மாறிய பிறகும் போகவில்லை. இந்த ஆய்வைப் படித்ததிலிருந்து, கல்வியாண்டின் முதல் மாதத்தில் பின்பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

லாயிட் ஸ்டைர்ஸ் என்பவர் 1980இல் இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டார். ஒன்றில் மாணவர்களே இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றொன்றில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைத்தார்கள். இரண்டிலுமே நடுப்பகுதியில் இருந்தவர்கள் ஓரத்தில் இருந்தவர்களைவிடத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், பாடமும் அவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அதேசமயம், 2007இல் ஓர் உயிரியல் வகுப்பில் செய்த ஆய்வில் இடத்தால் மதிப்பெண் மாறியதாகத் தெரியவில்லை. எல்லா அறையும் ஒன்று போல இருப்பதில்லை. பின்வரிசைக்கும் குரல் தெளிவாகக் கேட்டு, ஆசிரியர் அறை முழுவதும் நடந்து, எல்லோரிடமும் பேசுகிற வகுப்பில் கடைசி பெஞ்ச் அவ்வளவு தூரத்தில் இருக்காது. அறுபது பேர் அடைந்து கிடக்கும் நீளமான அறையில் அது வெகுதூரம்.

நட்பையும் இடம் தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு உளவியல் மாணவர்களை முதல் கூட்டத்தில் எண் எடுக்கச் சொல்லி, அந்த எண்படி உட்கார வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அன்று அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களும் மற்றவர்களைவிட நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். இது 2008இல் வெளியான ஆய்வு. பிளஸ் ஒன் வகுப்பின் மொழிப் பிரிவை உடைக்க நினைக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல தகவல் கிடையாது: முதல் வாரத்தில் செய்தால் போதும், தானாகவே வேர் பிடிக்கும்.

நேற்று உட்கார்ந்த இடமே இன்றும்

யாரும் ஒதுக்கித்தராத வகுப்பிலும் இரண்டாம் வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு "என் இடம்" உருவாகிவிடுகிறது. இத்தாலியில் பொலோனியா பல்கலைக்கழக மாணவர்களிடம் மார்கோ கோஸ்தா இதைக் கவனித்து 2012இல் எழுதினார். சமூக உளவியலாளர் இர்வின் ஆல்ட்மன், மனிதர்கள் சொந்தம் கொண்டாடும் இடங்களை வகை பிரித்தபோது, வீடு போல முழுச் சொந்தமான இடம் ஒரு பக்கம், பஸ் ஸ்டாப் போல யாருக்கும் பொதுவான இடம் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே பழக்கத்தால் சொந்தமாகும் இடம் ஒன்று உண்டு என்றார். வகுப்பு பெஞ்ச் அந்த நடு வகை. சட்டப்படி உரிமை இல்லை. ஆனால் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் சுருக்கென்கிறது.

இந்தப் பழக்கத்தில் நன்மையும் இருக்கிறது. தினமும் எங்கே உட்காருவது, பக்கத்தில் யார் என்ற யோசனை மிச்சம். அறிமுகமான கோணத்தில் போர்டு, அறிமுகமான தோழி. மனசு பாடத்துக்குப் போகலாம். தீமை என்னவென்றால், முதல் நாள் பயத்தில் பிடித்த மூலையே ஆண்டு முழுவதற்கும் நிலைத்துவிடும். பயம் போன பிறகும் இடம் போவதில்லை.

தேர்ந்தெடுக்க விடாத இடம்

இதுவரை இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிவந்தேன். நம் மண்ணில் அந்தச் சொல்லை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. குமரி எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரூட்டம்பலம் பள்ளிக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புலையர் குலத்துச் சிறுமி பஞ்சமியை, தலித் மக்களின் உரிமைக்குப் போராடிய அய்யன்காளி கைபிடித்து அழைத்துப் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்ததற்காக ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் தப்பிய பெஞ்ச் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஒரு குழந்தை எங்கே உட்காரலாம் என்பதற்காக ஒரு பள்ளிக்கூடம் எரிந்த நாட்டில், இருக்கை வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்டது அல்ல. மதிப்பெண் வரிசைப்படி உட்கார வைப்பது, "நீயெல்லாம் கடைசிக்குப் போ" என்று தண்டனையாக அனுப்புவது, இவற்றை நான் முற்றாக எதிர்ப்பது இதனால்தான். உயரமான பிள்ளையைப் பின்னால் அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதையும் ஆண்டு முழுவதும் நீட்டித்தால் அந்தப் பிள்ளை தன் உயரத்துக்காகப் பாடத்தை இழக்கிறது.

ப வடிவம் தீர்வா?

2024இல் வந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தின் முடிவில் பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டு, கடைசி பெஞ்ச் என்பதே இல்லாமல் செய்யும் காட்சி உண்டு. அதைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் அப்படியே மாற்றின. 2025 ஜூலையில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையும் ப வடிவில் இருக்கைகளைப் போடச் சொன்னது. கழுத்து வலி வரும், பக்கத்தில் உள்ள பிள்ளைகளுக்குப் போர்டு சரியாகத் தெரியாது என்றெல்லாம் எதிர்ப்பு வந்ததும் அதை நிறுத்திவைத்தது.

ஆய்வுகள் இதற்கு ஒரு குறிப்புத் தருகின்றன. பெர்னார்ட் ஸ்டைன்ஸர் 1950இல் வட்டமாக உட்கார்ந்து பேசும் குழுக்களைக் கவனித்தார். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவராக இருப்பதில்லை, எதிரே இருப்பவராக இருக்கிறார். முகம் தெரிந்தால் பேச்சு பிறக்கிறது. அதனால் கலந்துரையாடலுக்கு வட்டமும் ப வடிவமும் நிச்சயமாக நல்லவை. போர்டைப் பார்த்து நெடுநேரம் எழுத வேண்டிய கணக்கு வகுப்புக்கு, அதுவும் நாற்பது பேர் நெருக்கியடிக்கும் அறைக்கு, நேர்வரிசையே மேல். பாடத்துக்குத் தக்கபடி மாற்றுகிற சுதந்திரத்தை ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, வரிசையை வாரம் ஒருமுறை சுழற்றினால் போதும் என்பது என் கருத்து. இந்த வாரம் கடைசியில் இருந்தவர்கள் அடுத்த வாரம் முதலில். செலவு எதுவும் இல்லை, கழுத்தும் வலிக்காது.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் சில யோசனைகள். எதிர்பார்க்கும் ஆட்களைவிடக் குறைவாகவே நாற்காலி போடுங்கள், மீதியை அடுக்கி வைத்து வர வர எடுத்துக் கொடுங்கள். முன்வரிசை தானாக நிரம்பும். வாசல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாலானால் மேடையை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், தாமதமாக வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படாமல் உட்கார முடியும். பேசும்போது நடுவழியில் பாதித் தூரம் நடந்து வாருங்கள், செயல்மண்டலம் உங்களோடு நகர்ந்து வரும். கேள்வி நேரத்தில் மைக்கை முதலில் பின்வரிசைக்குக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் பக்கத்து மாதிரி இரண்டு மொழி புழங்கும் ஊரென்றால், தொடங்கும்போதே "கேள்வியைத் தமிழ்லயும் கேக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவரை மூன்றாவது வரிசையில் உட்கார வையுங்கள். அவரைச் சுற்றியுள்ள நாற்காலிகள் பத்து நிமிஷத்தில் நிரம்பிவிடும்.